ரிச்சர்ட் ஸ்புரூஸ்: பாசி தேடிப் போனவரும் நீலகிரிக்கு வந்த சின்கோனாவும்

பொதிகைத்தென்றல் (இழையைத் தொடங்கியவர்)

மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைப் பட்டையில் வைத்திருக்கும் சின்கோனா மரம் ஊட்டிக்கு எப்படி வந்தது என்று பேச்சு வந்தால், அதைக் கொண்டுவரும் வேலைக்குத் தலைமை தாங்கிய கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெயரையும் ஊட்டியில் வளர்த்த மெக்கைவர் பெயரையும் சொல்வார்கள். அந்த மரத்தின் விதையை ஆண்டிஸ் மலைச்சரிவில் காத்துக் கிடந்து பறித்து அனுப்பியவர் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. அவர்தான் ரிச்சர்ட் ஸ்புரூஸ். அவரைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

1817இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கேந்தார்ப் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். மகனும் யார்க் நகரப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார் ஆனார். சின்ன வயதிலிருந்தே நெஞ்சுக்கோளாறு. வகுப்பறை அவருக்கு ஒத்துவரவில்லை. 16 வயதில் தன் ஊரைச் சுற்றி வளரும் 403 செடிகளுக்கு அகரவரிசைப் பட்டியல் போட்டு வைத்திருந்த பையன் அவர். 1844இல் பள்ளி மூடப்பட்டதும் செடி சேகரிப்பதே வாழ்க்கை என்று இறங்கிவிட்டார்.

அதிலும் அவர் மனசு போனது பூச்செடிகள் பக்கம் இல்லை. பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக்கிடக்கும் மாஸ், லிவர்வொர்ட் என்ற பாசிவகைச் செடிகள். பல விரல்நகம் அளவுகூட இருக்காது. லென்ஸ் இல்லாமல் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 1845-46இல் பிரெனீஸ் மலைக்குப் போனார். அங்கே அதுவரை ஒரு பிரெஞ்சு அறிஞர் போட்டிருந்த பட்டியலில் மாஸ் 156, லிவர்வொர்ட் 13. ஸ்புரூஸ் அதை 386, 92 என்று உயர்த்தினார். லிவர்வொர்ட் கணக்கைப் பாருங்கள், ஏழு மடங்கு! அந்த மலையில் அவருக்கு முன்னாலும் எத்தனையோ பேர் நடந்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தவர் இவர்.

1849 ஜூன் மாதம் லிவர்பூலில் கப்பலேறி அமேசான் முகத்துவாரத்தில் உள்ள பாரா நகரில் இறங்கினார். ஊர் திரும்பியது 1864இல். 15 ஆண்டு தென்னமெரிக்கா. அமேசான், ரியோ நீக்ரோ, ஒரினோக்கோ, பெருவில் தாராப்போத்தோ, எக்குவடோரில் ஆண்டிஸ். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதே காலத்தில் அமேசானில் சுற்றிய இயற்கையியலாளர்கள் வாலஸ், பேட்ஸ் பெயர்களோடு சேர்த்துச் சொல்லவேண்டிய பெயர் இது. செடியை நுணுக்கமாகப் பார்த்த கண் என்று எடுத்துக்கொண்டால் அவர்கள் இருவரையும்விட ஒரு படி மேல் என்பேன்.

புதுவாசகி

அருமையான தொடக்கம் அண்ணா. ஒரு சந்தேகம். 15 வருஷம் காட்டில் இருக்கப் பணம் எங்கிருந்து வந்தது? பணக்காரக் குடும்பமும் இல்லையே?

பொதிகைத்தென்றல்

நல்ல கேள்வி. சொத்து எதுவும் கிடையாது. செடியை விற்றுத்தான் பயணமே நடந்தது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து வில்லியம் ஹூக்கர் ஊக்கம் கொடுத்தார். ஜார்ஜ் பெந்தம் என்ற தாவரவியலாளர் ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். ஸ்புரூஸ் காயவைத்து அனுப்பும் செடிகளைப் பிரித்துப் பெயரிட்டு, ஐரோப்பாவில் சந்தா கட்டியவர்களுக்குத் தொகுப்பு தொகுப்பாக அனுப்பி, பணத்தை வசூலித்துத் தருவது. ஆக ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு கொப்பை ஒடித்தால் போதாது. பல பிரதிகள் வேண்டும். அதுவும் பூவும் காயும் உள்ளதாக.

அமேசான் காட்டில் பூ என்பது நூறடி உயரத்தில் இருக்கும். ஏறுவதற்கு ஆள் வேண்டும், இல்லையென்றால் மரத்தையே வெட்டவேண்டும். ஆரம்பத்தில் மரம் வெட்ட அவருக்கு மனமே வரவில்லை. கொண்டுவந்த கொப்பைத் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, தாள் ஈரமானால் மாற்றி, மறுபடி அழுத்தி, அதற்குள் மழை வந்தால் எல்லாம் பூஞ்சை. பூஞ்சைக்குத் தப்பினால் எறும்பும் கரையானும். இந்த வேலையை உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு ஓடத்திலும் குடிசையிலும் ஆண்டுக்கணக்கில் செய்தார். இங்கிலாந்துக்குப் போன மாதிரிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் இவ்வளவு சுத்தமாகக் காய்ந்த செடிகளைக் கண்டு வியந்தார்கள் என்றால் அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு இதுதான்.

செம்மண்

நல்லது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். சின்கோனா விஷயத்தில் நடந்தது என்ன? ஆண்டிஸ் மக்களுக்குச் சொந்தமான மரத்தை வெள்ளைக்கார அரசாங்கம் ஆள்வைத்துக் கொண்டுவந்து தன் காலனியில் நட்டுக்கொண்டது. அந்த மரப்பட்டை காய்ச்சலுக்கு நல்லது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த நாடுகள்தான். அந்த வியாபாரம் பிறகு அவர்கள் கையைவிட்டே போயிற்று. இன்றைக்கு இப்படி யாராவது செய்தால் உயிரித் திருட்டு என்று வழக்குப் போடுவோம். ஸ்புரூஸ் நல்ல மனிதராகவே இருக்கட்டும். செய்த வேலை யாருக்காக?

கூடலூர்க்காரன்

தோழர் செம்மண் கேட்பது நியாயமான கேள்வி. பதிலுக்கு முன் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து நடுவட்டம் சின்கோனாத் தோட்டத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதால் இதைத் தேடித்தேடிப் படித்தவன் நான்.

1859 கடைசியில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா அமைச்சரின் உத்தரவு ஸ்புரூஸிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் எக்குவடோரில் அம்பாத்தோ என்ற மலையூரில் இருந்தார். சிவப்புப் பட்டை மரத்தின் விதையும் நாற்றும் வேண்டும் என்பது உத்தரவு. அப்போது சின்கோனா சக்சிரூப்ரா என்பார்கள், இப்போது சின்கோனா பியூபசென்ஸ். வேலையைத் தொடங்கிய கொஞ்ச நாளில், 1860 ஏப்ரலில், ஒருநாள் காலை எழுந்தபோது முதுகும் காலும் செயலிழந்துபோயிருந்தன. அப்புறம் சாகும்வரை அவருக்கு முழுச் சுகம் திரும்பவில்லை. அப்படியிருந்தும் ஜூன் மாதம் சிம்பொராசோ மலையின் மேற்குச் சரிவில் லிமோன் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காட்டில் பெரிய மரங்களையெல்லாம் பட்டைக்காக வெட்டிச் சாய்த்துவிட்டிருந்தார்கள். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்தவைதான் அதிகம். காட்டுக்குச் சொந்தக்காரர்களிடம் 400 டாலர் கொடுத்து, பட்டையைத் தொடமாட்டேன் என்ற நிபந்தனையோடு விதை எடுக்க உரிமை வாங்கினார். நாட்டில் அப்போது உள்நாட்டுப் போர் வேறு.

விதைக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரத்தில் சிலர் முற்றாத கொத்துகளை ஒடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பழுக்காத விதை தன்னிடம் செல்லாது என்று சொல்லித்தான் தடுக்கவேண்டியிருந்தது. காய் வெடிக்கும் பருவத்துக்காகக் காத்திருந்து, மரத்தடியில் துணி விரித்து, ஆளை ஏற்றிக் கொத்துகளை மெதுவாக ஒடித்துத் துணிமேல் விழவைத்தார். விதை ஒவ்வொன்றும் மெல்லிய சிறகு வைத்த தூசிமாதிரி, காற்றடித்தால் போச்சு. ஒரு காய்க்குச் சராசரி 40 விதை. இப்படிக் குறைந்தது ஒரு லட்சம் விதை சேர்த்தார். கியூவிலிருந்து வந்த ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் அங்கேயே கொப்பு நட்டு நாற்று வளர்த்தார். 637 நாற்றுகளைப் பெட்டியில் வைத்துத் தெப்பத்தில் ஏற்றிக் குவாயாகில் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளத்தில் தெப்பம் கரை மரங்களில் மோதிக் கூரை நொறுங்கியது, நாற்று பிழைத்தது. 1861 ஜனவரியில் கிராஸ் அவற்றோடு கப்பலேறினார். ஏப்ரலில் நானூறுக்கும் மேற்பட்ட நாற்றுகள் உயிரோடு ஊட்டி வந்து சேர்ந்தன.

சரி, திருட்டா என்றால்: மார்க்கம் பெருவில் ஒளிந்தோடி வரவேண்டியிருந்தது உண்மை. ஸ்புரூஸ் கதை அப்படி இல்லை. பணம் கொடுத்து, ஊர் அறிய, ஆறு மாதம் உட்கார்ந்து செய்தார். எக்குவடோர் அரசு சின்கோனா ஏற்றுமதிக்குத் தடை போட்டது 1861 மே மாதம். நாற்று அதற்குள் நீலகிரி மண்ணில் இருந்தது.

செம்மண்

விவரத்துக்கு நன்றி. ஆனாலும் "தடை பிறகுதான் வந்தது" என்பது எனக்குப் போதவில்லை. நீங்கள் சொல்லும் நிலக்காரர்கள் அந்த நாட்டுப் பெரிய மனிதர்கள். பட்டை உரித்துப் பிழைத்த கூலிக்காரர்களை யார் கேட்டார்கள்? பணம் போனது நிலக்காரருக்கு, மரம் போனது கம்பெனி ஆட்சியின் வாரிசுக்கு. உரித்தவனுக்கு என்ன மிச்சம்?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சில வருஷத்தில் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரிக்காகப் பொலிவியாவில் விதை எடுத்துக்கொடுத்தார் மானுவேல் இன்க்ரா மமானி என்ற ஐமாரா பழங்குடி மனிதர். அதிகாரிகள் பிடித்துச் சிறையில் போட்டு அடித்த அடியில் செத்தே போனார். அந்த விதையை வாங்கிய டச்சுக்காரர்கள் ஜாவாவில் நட்டு உலகத்தின் கொய்னா வியாபாரத்தையே கையில் வைத்திருந்தார்கள். மரத்துக்கு லெட்ஜர் பெயரை வைத்தார்கள், மமானி பெயரை வைக்கவில்லை.

பொதிகைத்தென்றல்

மமானி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன் தோழர். கூலிக்காரர் கேள்விக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. அது ஸ்புரூஸின் குறிப்புகளாலும் தீராத கேள்வி.

ஆனால் ஸ்புரூஸை லெட்ஜரோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது. இந்தச் சின்கோனாவால் அவருக்கு லாபம் எதுவும் வரவில்லை, மிஞ்சியது உடல்கேடு. அதுவரை சேர்த்த காசைக் குவாயாகிலில் ஒரு வணிக நிறுவனத்தில் போட்டு வைத்திருந்தார். 1861இல் அது திவாலாகி எல்லாம் போயிற்று. அந்த மனிதர் எதற்காகக் காட்டுக்குப் போனார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். லிவர்வொர்ட்டால் மனிதனுக்கு மயக்க மருந்தும் கிடைக்கவில்லை, வாந்தி மருந்தும் கிடைக்கவில்லை, உணவும் இல்லை. ஆனாலும் அவை தம்மளவில் பயனுள்ளவை, தம்மளவில் அழகானவை, ஓர் உயிர் இருப்பதற்கு அதுவே முதல் காரணம் என்ற பொருளில் எழுதுகிறார். செடிகளை உணர்வுள்ள உயிர்களாகவே பார்க்க விரும்புகிறேன் என்றும் சொல்கிறார். இதை எழுதிய ஆளைச் சரக்கு ஏற்றுமதி ஏஜெண்டாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வால்பாறைமகள்

எங்கள் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அரசு சின்கோனாத் தோட்டம் இருந்த இடம். இப்போது டான்டீ என்ற அரசு நிறுவனத்தின் தேயிலை. என் தாத்தா, பாட்டி இரண்டு பேரும் அந்தத் தோட்டத்தில் பட்டை உரித்தவர்கள். உரித்த பட்டையைக் காயப்போட்டுக் கட்டுவது பாட்டி வேலை. கை எப்போதும் கசக்கும், கை கழுவாமல் சோறு பிசைந்தால் சோறே கசக்கும் என்று சொல்வார். காய்ச்சல் வந்தால் மட்டும் அந்தக் கசப்பை யாரும் குறை சொன்னதில்லையாம்.

இரண்டாம் உலகப்போரில் ஜாவா ஜப்பான்காரன் கையில் போனபோது நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏக கிராக்கி. செயற்கை மருந்துகள் வந்த பிறகு மவுசு போய்விட்டது.

ஸ்புரூஸ் என்ற பெயரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். தோழர் செம்மண் கேட்ட கேள்வி இங்கேயும் பொருந்தும். அந்த மரத்தை இங்கே வளர்த்தவர்கள் எங்கள் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கூடலூர்க்காரன்

உண்மை அக்கா. நடுவட்டத்தில் இன்னும் கொடுமை. மலாய் நாட்டுப் பக்கமிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை அங்கே தோட்ட வேலைக்கு வைத்தார்கள். அவர்களை அடைத்த சிறைக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

பாசி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஊட்டித் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த மெக்கைவர், மரத்தை வெட்டாமலே பட்டை எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாக உரிப்பது, உரித்த இடத்தை ஈரப்பாசியால் மூடிக் கட்டிவிடுவது. அதன் அடியில் புதுப்பட்டை வளரும், பழைய பட்டையைவிட மருந்துச்சத்து கூடுதலாக. லிமோனில் மரத்தையே சாய்த்துப் பட்டை எடுத்ததைப் பார்த்து வருந்தியவர் ஸ்புரூஸ். அவர் அனுப்பிய மரம் இங்கே நீலகிரிச் சரிவில் பாசியைச் சுற்றிக்கொண்டு நின்றது.

மருந்தைப் பொறுத்தவரை சிவப்புப் பட்டையில் கொய்னா குறைவு, ஆல்கலாய்டு என்கிற மற்ற மருந்துச்சத்துகள் கூடுதல். அதனால்தான் வியாபாரப் போட்டியில் ஜாவாவிடம் தோற்றது. ஆனால் நன்றாக வளரும், சீக்கிரம் சாகாது, எல்லாச் சத்தும் சேர்ந்து காய்ச்சலைத் தணிக்கும். மலிவு மருந்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஹட்டன்வாசகன்

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஹக்கல பூங்காவை எல்லோரும் பூ பார்க்கப் போகிற இடமாகத்தான் அறிவார்கள். அது 1861இல் சின்கோனா வளர்க்கத்தான் தொடங்கப்பட்டது. 1869க்குப் பிறகு கோப்பிக்குத் துருநோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தபோது துரைமார் சின்கோனாவுக்கு மாறினார்கள். இந்தச் சிவப்புப் பட்டை மரம்தான் பரவலாக நட்டது. 1886இல் ஏற்றுமதி ஒன்றரைக் கோடி ராத்தல் பட்டை! அவ்வளவும் சந்தைக்கு வந்ததும் விலை விழுந்தது, மரத்தைப் பிடுங்கித் தேயிலை வைத்தார்கள். நட்டதும் உரித்ததும் பிடுங்கியதும் எங்கள் மலையகத்து ஆட்கள்தான். வால்பாறை அக்கா சொன்னதையே நானும் சொல்கிறேன்.

புதுவாசகி

சின்கோனாவைத் தவிர வேறு என்ன செய்தார்? காட்டில் ஆபத்து எதுவும் வரவில்லையா?

பொதிகைத்தென்றல்

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1854இல் ஒரினோக்கோ பக்கம் மைப்பூரஸ் என்ற ஊரில் மலேரியா அவரைப் படுக்கையில் போட்டது. பார்த்துக்கொள்ள அமர்த்திய பெண், இந்த ஆள் செத்தால் இருக்கிற காசை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் காதுபடவே பேசினாளாம். எப்படியோ பிழைத்துவிட்டார். அதே வருஷம் நவம்பரில் ரியோ நீக்ரோவில் கீழ்நோக்கி ஓடத்தில் போகிறார். நான்கு ஓடக்காரர்கள். முதல் இரவு கரையில் தங்கல். தூளியில் படுத்துக்கிடக்கிறார், வயிற்றுப்போக்கு வேறு. தூங்குகிறார் என்று நினைத்து அந்த நான்கு பேரும் தங்கள் மொழியில் அவரைக் கொன்றுவிட்டுச் சாமானை எடுப்பது பற்றிப் பேசுகிறார்கள். அவருக்கு அந்த மொழி புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. வயிற்றுக்கு முடியவில்லை என்பதுபோல எழுந்து காட்டுப் பக்கம் நடந்து, சுற்றிவந்து ஓடத்தின் அறைக்குள் புகுந்து, துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில் எதுவும் நடக்காத மாதிரி பயணம் தொடர்ந்தது.

அவரைக் காப்பாற்றியது மொழி. 21 அமேசானிய மொழிகளின் சொற்களைத் தொகுத்து வைத்திருந்தார். தாவரவியலாளர் ஒருவர் செய்த வேலை இது. ஆறுகளை அளந்து வரைபடமும் போட்டார். ரப்பர் பால் எடுப்பதை நேரில் பார்த்து விவரமாக எழுதியதும் அவரே, அமேசானில் அந்த வெறி கிளம்புவதற்கு முன்பே.

செம்மண்

நான்கு ஓடக்காரர்கள் ஏன் கொல்ல நினைத்தார்கள் என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. அந்த ஆறுகளில் வெள்ளைக்கார வியாபாரிகள் கடன் கொடுத்து ஆளையே அடிமையாக்கிக்கொண்டிருந்த காலம் அது. இதை மறக்காமல் அந்தச் சம்பவத்தை வாசிப்போம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 21 மொழியின் சொற்களைத் தொகுத்தவர் எதிரில் இருந்தவரை வெறும் கூலியாக மட்டும் பார்த்திருக்க முடியாது.

கூடலூர்க்காரன்

அதற்கு ஒரு சாட்சி: 1852இல் வௌப்பஸ் ஆற்றங்கரையில் ஒரு திருவிழா. காப்பி என்ற கொடியை இடித்துப் பிழிந்த சாற்றை ஆட்டத்துக்கு இடையில் ஆண்கள் குடிக்கிறார்கள். (நாம் குடிக்கும் காப்பி இல்லை, இன்று அயவாஸ்கா என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அந்தக் கொடி.) ஸ்புரூஸும் பரிசோதித்துப் பார்க்கவே போயிருந்தார். ஒரு கிண்ணம் குடித்தார், அது பாதி அளவுதான். அதற்குள் தலைவர் அன்போடு ஒரு பெரிய சுரைக்குடுவை நிறைய மரவள்ளிக் கள் கொடுத்தார். அது முடிந்ததும் இரண்டடி நீளச் சுருட்டு. அப்புறம் பனைவகைக் கள். விருந்தாளி மறுக்க முடியுமா! சாற்றின் வேலை என்ன என்று அன்றைக்கு அவரால் பிரித்தறிய முடியவில்லை.

ஆனால் கொடியை அடையாளம் கண்டு, பூவும் காயும் எடுத்து அறிவியல் பெயர் கொடுத்தார். ரசாயனச் சோதனைக்கென்று தண்டுகளையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். யாரும் சோதிக்காமல் கியூவில் கிடந்தன. 1960களின் இறுதியில், நூறு வருஷத்துக்குப் பிறகு, எடுத்துச் சோதித்தபோது ஆல்கலாய்டு இன்னும் இருந்தது. எங்கே எடுத்தது, எப்போது, யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று அவர் எழுதி வைத்ததால்தான் அந்தச் சோதனைக்கே அர்த்தம் வந்தது.

புதுவாசகி

கடைசிக் காலம் எப்படி?

பொதிகைத்தென்றல்

கஷ்டம்தான். 1864இல் ஊர் திரும்பியவர் கடைசியில் கோனிஸ்தார்ப் என்ற கிராமத்தில் ஒரு சின்னக் குடிசையில் தங்கினார். பிறந்த ஊருக்குக் கிட்டத்தான். 1865இல் அரசு ஆண்டுக்கு 50 பவுன் உதவித்தொகை கொடுத்தது. இந்திய அரசிடமிருந்து இன்னொரு 50 பவுன் வர 1877 ஆயிற்று, அதுவும் மார்க்கம் விடாமல் எழுதிக் கேட்டதால். நீலகிரியில் மரங்கள் அதற்குள் காடாகிவிட்டிருந்தன. எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

நிமிர்ந்து உட்கார்ந்து மைக்ராஸ்கோப் பார்க்க முடியாது. பெரும்பாலும் படுக்கை. அந்த நிலையிலேதான் 1884-85இல் அமேசான், ஆண்டிஸ் லிவர்வொர்ட்டுகளைப் பற்றிய பெரும் நூலை லத்தீனில் வெளியிட்டார். அந்தத் துறைக்காரர்கள் இன்றைக்கும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஸ்புரூசெயாந்தஸ் என்று ஒரு லிவர்வொர்ட் பேரினத்துக்கே அவர் பெயர் இருக்கிறது. அவருக்குப் பிடித்த மரியாதை அதுவாகத்தான் இருந்திருக்கும். 1893 டிசம்பரில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

வால்பாறைமகள்

அவர் எழுதியதை எங்கே படிக்கலாம்? என் பெண் தாவரவியல் படிக்கிறாள், காட்டவேண்டும்.

கூடலூர்க்காரன்

நண்பர் வாலஸ் அவருடைய நாட்குறிப்பையும் கடிதங்களையும் தொகுத்து 1908இல் இரண்டு தொகுதியாக வெளியிட்டார். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது அக்கா. முதல் தொகுதி அமேசான், கொஞ்சம் நீளம். சின்கோனாப் பகுதி இரண்டாம் தொகுதியில் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். அவர் காயவைத்த செடிகளில் ஆயிரக்கணக்கானவற்றைக் கியூவும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் படமெடுத்து ஏற்றியிருக்கின்றன. மாதிரிகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டுகளையும் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊரில், எந்த ஆற்றங்கரையில், எந்த மாதத்தில் எடுத்தது என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கும்.